எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்

ஜூலை 30, புதன்

வெள்ளரிக்குடி மாரியம்மன் மேல் ஆணை, என் அடித்தொண்டை மேல் ஆணை, இந்த டைரியை இலவசமாகக் கொடுத்த நகைக்கடைக் கல்லாப்பெட்டியின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இனி எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பல இடங்களில் நானே நம்பமாட்டேன்.

முதலில் என் பெருமை. பெயர் சொர்ணலிங்கம். வயது ஐம்பத்திரண்டு. தொழில் அறிவிப்பு. ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடி முதல் துக்கச் செய்தி வரை ஊருக்குச் சொல்பவன். என் குரலைக் கேட்டு ஒரு சரக்கு ரயில் சிக்னல் இல்லாமலே நின்றிருக்கிறது. எட்டு வருஷமாகப் பேசாத மாமியாரும் மருமகளும் "யாரு அது கத்துறது?" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு சமாதானம் ஆகியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஏழு தேசத்து இளவரசிகள் வரிசையில் நின்றார்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்குள் எனக்கு முடி கொட்டிவிட்டது.

இன்று மதியம் இரண்டு மணி பஸ்ஸில் அக்கா மகள் தாரணி வந்து இறங்கினாள். பன்னிரண்டாம் வகுப்பு. ஹாஸ்டல் பள்ளியில் படிக்கிறாள். படித்தாள். மூன்று வாரமாகப் போகவில்லை. கொண்டுவந்து விட்ட அக்கா பேச்சித்தாய் வீட்டுக்குள் வந்து ஒரு சொம்பு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கிளம்பும்போது என்னை ஆட்டோவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "தனியா விடாதடா. கதவைத் தாழ்ப்பாள் போட விடாத" என்றாள்.

"எதுக்குக்கா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அக்காவுக்குச் சைனஸ் உண்டு.

ஜூலை 31, வியாழன்

காலையில் குளியலறைத் தாழ்ப்பாளையும் அவள் அறைத் தாழ்ப்பாளையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன். துருப்பிடித்திருந்தது. வேறொன்றும் இல்லை. என் கட்டிலை அவள் அறை வாசலுக்கு நகர்த்தினேன். பழைய இடத்தில் எறும்பு. ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி அளவு.

இட்லி சுட்டேன். நிலவே பொறாமைப்பட்டு மேகத்துக்குள் போகும்படியான இட்லி. ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்தாள். பிறகு நாள் முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அவள் நடக்கிறாளே என்று நானும் நடந்தேன். எதிரெதிரே மூன்று முறை இடித்துக்கொண்டோம்.

சாயங்காலம் விஷயம் வெளிவந்தது. ஓர் அட்டை. உள்ளங்கை அகலம்தான். மேலே தாரணியின் போட்டோ, பெயர், வரிசை எண். கீழே ஒரு கட்டம்: 'என் லட்சியம்'. பள்ளியில் எல்லாரும் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதைக் கண்ணாடித்தாள் போட்டு அவரவர் மேஜையில் ஒட்டிவிடுவார்களாம், தினமும் பார்த்து ஊக்கம் பெறுவதற்காக. இவள் கட்டம் மட்டும் காலி. நிரப்பாமல் வகுப்புக்கு வராதே என்றார்களாம். இவளும் போகவில்லை. வருகிற பதினொன்றாம் தேதி திங்கட்கிழமைக்குள் அட்டையோடு வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

"இதுக்கா மூணு வாரம்? டாக்டர்னு எழுதிட்டா முடிஞ்சுது சோலி."

"நாப்பத்தோரு பேரு டாக்டர்னு எழுதியிருக்காங்க மாமா."

"நாப்பத்திரெண்டாவதா நீ எழுதேன்."

"பொய் எழுதணுமா?"

என்னைப் பார்த்துக் கேட்டாள். ஜில்லாவின் தலைசிறந்த பொய்யனைப் பார்த்து. எனக்குத் திடீரென்று அடுப்பில் ஏதோ வேலை இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கோயிலில் கொடியேற்றம். பத்து நாள் திருவிழா. பத்து நாளும் காவல் உதவி மையத்தில் நான்தான் மைக். பதினோரு வருஷமாக இந்த சிம்மாசனம் என்னுடையது. உதவி மையம் என்றால் நாலு சவுக்குக் கம்பு, ஒரு தகரக் கூரை, இரண்டு மேஜை, ஒரு ரிஜிஸ்டர். பர்ஸைத் தொலைத்தவன், செருப்பைத் தொலைத்தவன், பெண்டாட்டியைத் தொலைத்தவன் எல்லாரும் இங்கேதான் வர வேண்டும். ராஜ்யத்தின் பொறுப்பு ஏட்டம்மா அந்தோணியம்மாளிடம். காக்கிச் சட்டை, பெரிய கைக்கடிகாரம், சின்னச் சிரிப்பு.

தாரணியைத் தனியாக விட முடியாது. கூட்டிக்கொண்டு போனேன்.

"யாரு அண்ணாச்சி இது? ஒங்க மாதிரியே முழிக்கிது."

"அக்கா மக. டெல்லியில இருந்து என் அறிவிப்பு முறையை ஆராய்ச்சி பண்ண அனுப்பியிருக்காங்க."

"பன்னெண்டாவது படிக்கிறேன்" என்றாள் தாரணி. பிறகு, "படிச்சேன்."

ஏட்டம்மா ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளி, "எங்கையெழுத்து எனக்கே வெளங்கல. நீ எழுதுத்தா" என்றாள்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று தொலைந்தவை: குடை 3, செருப்பு 40 ஜோடி, ஒரு பல்செட். பல்செட் கிடைத்தது. உரியவர் வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. ஆற்றில் இருந்த தண்ணீரைவிட ஆள் அதிகம். பத்துப் பிள்ளைகள் தொலைந்து பத்தும் கிடைத்தன. ஒவ்வொரு பிள்ளை அழும்போதும் தாரணி எழுந்து நிற்பாள், உட்காருவாள், மறுபடி நிற்பாள். கையில் அந்த அட்டை. அதன் ஒரு முனையைக் கடித்துக் கடித்துப் பஞ்சாக்கிவிட்டாள்.

மதியம் கொஞ்சம் ஓய்ந்தபோது கேட்டாள்: "மாமா, நீங்க ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?"

விடுவேனா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எனக்கும் அப்போது உன் வயசுதான் மருமகளே, பதினேழு. வீட்டில் என் அறிவைத் தாங்க முடியாமல் சண்டை போட்டார்கள். கோபித்துக்கொண்டு மதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எப்படியும் தேடி வருவார்கள், மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ராஜா மாதிரி எழுந்து போகலாம் என்று காத்திருந்தேன். ஒரு நாள் போச்சு, ஒரு வருஷம் போச்சு. பதினேழு வருஷம்! என் முதுகில் பாசி படர்ந்தது. தாடிக்குள் குருவி கூடு கட்டி மூன்று தலைமுறை பார்த்தது. என்னைக் கம்பம் என்று நினைத்து ஒருத்தன் பஸ் நேர அட்டவணையை ஆணியடிக்க வந்தான். கடைசியில் பொறுக்காமல் நானே போய் மைக்கைப் பிடுங்கி என் பெயரை நானே கூப்பிட்டேன். அன்று பிடித்த மைக்.

ஏட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தாரணி சிரிப்பாள் என்று பார்த்தேன்.

"யாருமே கூப்பிடலையா மாமா?" என்றாள்.

"சுக்கு காப்பி குடிக்கிறியா?" என்று எழுந்துவிட்டேன். சுக்கு காப்பிக்காரன் இருந்தது கோயிலின் மறுகோடி. பரவாயில்லை, நடந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா போன். இன்றைக்கு ஆறாவது முறை. "எழுதிட்டாளாடா? சாப்பிடுறாளா? எழுதிட்டாளா?"

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் அட்டையை எடுத்து, கட்டத்துக்குள் பென்சிலால் அழகாக எழுதினேன்: 'ஐ.ஏ.எஸ். ஆகி ஏழைகளுக்குத் தொண்டு செய்தல்.' பொய்க்கும் ஓர் அளவு வேண்டும் என்று, புலி வளர்ப்பு, விண்வெளியில் பரோட்டாக்கடை ஆகிய இரண்டு நல்ல யோசனைகளைக் கைவிட்டுத்தான் இதற்கு இறங்கி வந்தேன்.

பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

"அம்மா டாக்டர்ங்கறாங்க. அப்பா பேங்குங்கறாங்க. ஸ்கூல்ல ஏதாவது எழுதுங்கறாங்க. நீங்களுமா மாமா? எதுக்கு எந்திரிக்கணும், எதுக்குக் குளிக்கணும்னே எனக்குத் தெரியல. எல்லாரும் நான் அம்பது வயசுல என்னவா இருப்பேன்னு கேக்கறீங்க."

ரப்பரை எடுத்து அழித்தாள். கட்டம் முன்பைவிட வெள்ளையாக இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

சாம்பார் தீய்ந்தது. இரண்டு பேரும் தின்றோம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தப்படி என்று எனக்கு இப்போது தெரியும். முப்பத்தொன்று. அவளுக்கு முப்பத்தாறு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி நாலாம் வெள்ளி. திருவிழாவின் உச்சம். முடிகாணிக்கை கொடுக்கிற நாள். ஆற்றோரக் கொட்டகையில் விடிவதற்கு முன்பே கத்தி தீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் ஊரில் பாதி மொட்டை. சந்தனம் பூசிய தலைகளில் வெயில் பட்டுத் தெறித்து, வானத்தில் போன விமானம் வழி தவறியது. செல்போன் கோபுரம் கூட்டத்தைப் பார்த்து மூர்ச்சையாகி, ஒருவர் போனும் வேலை செய்யவில்லை. ஆற்றுப்பக்கத்துக் குழாயின் வயரை ஏதோ மாட்டுவண்டி அறுத்துவிட்டதால் என் குரல் கோயிலோடு நின்றது. ஆற்றுக்குப் போகவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பெண் ஓடிவந்தாள். ஈர மஞ்சள் சேலை, காலெல்லாம் ஆற்று மணல்.

"எம் புள்ளையக் காணும் சார்! நாலு வயசு. பவிஷான்னு பேரு. சுருட்டை முடி, ரெட்டைச் சடை, செவப்பு கவுனு..."

தாரணி எழுதிக்கொண்டாள். இங்கேயே உட்காரும்மா என்று ஏட்டம்மா சொல்லச் சொல்ல, அந்தப் பெண் கேட்காமல் மறுபடி ஆற்றுப் பக்கம் ஓடிவிட்டாள்.

மைக்கை எடுத்தேன். "சுருட்டை முடியும் இரட்டைச் சடையும் சிவப்பு கவுனும் அணிந்த..." ஊரே திரும்பிப் பார்க்கும்படி முழங்கினேன்.

ஒன்பதரைக்கு ஒரு பலூன்காரர் ஒரு பிள்ளையைத் தூக்கிவந்து மேஜைமேல் உட்கார வைத்தார். மொட்டை, சந்தனம், இடுப்பில் மஞ்சள் துண்டு. பெயரைக் கேட்டால் வாயைத் திறக்கவில்லை. "ஆண் குழந்தை, மொட்டை, வயசு நாலு இருக்கும்" என்றேன். தாரணி எழுதினாள். அதையும் சேர்த்து அறிவித்தேன். ஒரே மூச்சில், சடைபோட்ட பெண் குழந்தையைக் காணவில்லை, மொட்டையடித்த ஆண் குழந்தை கிடைத்திருக்கிறது என்று, ஒரு மணி நேரம் கத்தினேன். பதினோரு வருஷ அனுபவம்!

ஏட்டம்மா வாசலில் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தாரணி மட்டும் அந்தப் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை மிட்டாயைச் சப்பும், குனியும், நிமிரும். நிமிரும்போதெல்லாம் வலது கை தோளுக்குப் போய் எதையோ பின்னால் தள்ளிவிடப் பார்க்கும். அங்கே ஒன்றும் இருக்காது. கை அந்தரத்தில் நிற்கும். திரும்ப மடிக்கு வரும்.

"சடையைத் தேடுறியா?" என்று தாரணி கேட்டாளாம்.

அவ்வளவுதான். பிள்ளை உதட்டைப் பிதுக்கி, "வெட்டிட்டாங்க" என்று ஓவென்று அழுததாம். பவிஷாவேதான். காலையில் தன் மடியில் வைத்து மொட்டை போட்டு, ஆற்றில் குளிப்பாட்டி, துண்டு சுற்றிய தாயே, பிள்ளை காணோம் என்றதும் பதறிப்போய், வீட்டிலிருந்து கிளம்பிய கோலத்தைச் சொல்லிவிட்டாள். நாலு வருஷம் தினம் இரண்டு வேளை சீவிவிட்ட தலை. அவள் கண்ணுக்குள் மொட்டை இன்னும் விழவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தாரணி என் பக்கம் வந்து, "மாமா, நான் ஆத்துப் பக்கம் போயி அவங்கம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். குழாய்தான் அங்க கேக்காதே" என்று சொன்னாளாம். நான் என் குரலில் மயங்கி இருந்த நேரம். கேட்கவில்லை.

மூச்சு வாங்கத் திரும்பினேன். நாற்காலி காலி. நாற்காலி மேல் அவள் போன், போனுக்குக் கீழே அந்த அட்டை. கட்டம் வெள்ளை வெளேர்.

ஆற்றுப் பக்கம் போயிருப்பாளோ என்று யோசித்தேன். பிறகு ஆற்றைப் பற்றியே யோசித்தேன். ஆடி மாதத்து ஆறு.

நான் இந்த இடத்தில் பயந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயில் அதிகம், அதனால் முதலில் தண்ணீர் பாட்டிலை மைக் என்று எடுத்துவிட்டேன். மைக்கை எடுத்தேன். சுடிதார் நிறம், உயரம், வயது எல்லாம் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எதுவும் வரவில்லை. காலையில் என்ன நிறம் போட்டிருந்தாள் என்றே ஞாபகம் இல்லை. அந்தத் தாயைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"தாரணி" என்றேன். "தாரணி. மாமா இங்க இருக்கேன். எங்கிருந்தாலும் வந்துரு."

திரும்பத் திரும்ப அதையேதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. கூட்டம் நின்று கேட்டது. ஏட்டம்மா உள்ளே ஓடிவந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு போலீஸ்காரர்களை ஆற்றுக்கு அனுப்பினாள். பத்து நிமிஷம் கூப்பிட்டிருப்பேன் என்று நினைத்தேன். நாற்பது நிமிஷம் என்று ஏட்டம்மாவின் கடிகாரம் பிற்பாடு சொன்னது. முடிகாணிக்கைக் கொட்டகைக்காரர் ஒருவர், ஆற்றோரம் போலீஸ் விசாரித்ததைக் கேட்டு, அரைமொட்டையோடு இருந்த ஆளை விட்டுவிட்டு வந்து, கிடைச்சிட்டாங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

குரல் கிழிந்து காற்றாக வர ஆரம்பித்தபோது, வேப்பிலைக் கூட்டத்துக்கு நடுவில் அவள் வந்தாள். சுடிதார் முழங்கால்வரை ஈரம். ஒரு கையில் அந்தத் தாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அந்தத் தாய் மேஜைமேல் இருந்த மொட்டையைப் பார்த்தாள். ஒரு நொடி யாரோ என்று பார்த்தாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்துக்கு முன்னால் என் தொண்டையெல்லாம் ஒரு தொண்டையா?

தாரணி என்னிடம் வந்தாள். "என்ன மாமா, கோயில்கிட்ட வந்தா ஊரெல்லாம் எம்பேரு கேக்குது. நான் எங்க தொலைஞ்சேன்?"

"மைக் டெஸ்டிங்" என்றேன். காற்றுதான் வந்தது.

ஏட்டம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். என்னிடம் இல்லை, அவளிடம். "இவரு நாப்பது நிமிசமா டெஸ்ட் பண்ணாருத்தா" என்றாள்.

தாரணி என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் வேறு எங்கோ பார்த்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அதற்குப் பிறகு அவள் எழுந்து நடக்கவில்லை. பவிஷா கிளம்பும்போது தாரணியின் சடையைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 9, சனி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டர் மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது என்கிறார். இந்தச் செய்தி கேட்டு ஊரில் ஆறு இடத்தில் வெடி போட்டார்கள்.

மைக்கில் தாரணி. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டி, இன்னும் சத்தமா, இன்னும் நீட்டி என்று ஜாடை காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வினோதம், கூட்டம் கேட்டது. மொட்டைப் பிள்ளைகளின் பெற்றோரிடம் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள்: "இப்ப எப்படி இருக்காங்க? காலையில இல்ல, இப்ப." ஏட்டம்மா அதை ரிஜிஸ்டரின் முதல் பக்கத்தில் விதியாக எழுதச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் என்னிடம் கேட்டாள்: "மாமா, அந்த பஸ் ஸ்டாண்டு கதை நெசமா?"

வாய் திறக்க முடியாது. பழைய அறிவிப்புத் தாளின் பின்னால் பெரிதாக எழுதிக் காட்டினேன்: பொய்.

தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கொடியிறக்கம். இன்று தொலைந்த பிள்ளைகள் ஏழு, கிடைத்தவை ஏழு. பல்செட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று தோசை கேட்டாள். நான் எண்ணவில்லை, தானாகக் கண்ணில் பட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை முதல் பஸ்ஸில் அக்கா வந்துவிட்டாள். "எழுதிட்டாளா?" என்றாள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. நான் கையை விரித்தேன். தாரணி அறையிலிருந்து வந்து அட்டையை நீட்டினாள். முனை பஞ்சாகப் போன அதே அட்டை. கட்டத்துக்குள், பேனாவால்:

'அடுத்த வருடம் ஆடி நாலாம் வெள்ளி காலை ஆறு மணிக்கு வெள்ளரிக்குடி உதவி மையத்தில் இருப்பேன். ஆற்றுப் பக்கக் குழாயை முதல் நாளே சரிபார்க்க வேண்டும். மைக் என்னிடம்.'

"இதைப் போயி லட்சியம்னு எழுதியிருக்கா பாருடா" என்றாள் அக்கா. "இதை ஒத்துக்குவாங்களா?"

"கேட்டா நான் பேசிக்கிறேன்மா. ஒத்துக்கலைன்னா நம்ம ஊர் கவர்மெண்டு ஸ்கூல் இருக்கு. அங்க அட்டை இல்ல. அதுக்கப்புறம் என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது. அதுவரைக்கும் தெரியும்."

அக்கா மறுபடி படித்தாள். அவள் விரல் 'இருப்பேன்' என்ற சொல்லின் மேலேயே நின்றது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்தாள். சைனஸ் எங்கள் குடும்பத்தில் பரம்பரை. எனக்கும் லேசாக இருக்கிறது.

நான் மட்டும் மைக் விஷயத்தில் ஆட்சேபணை தெரிவித்தேன், ஜாடையில். யாரும் மதிக்கவில்லை.

பஸ் ஏறும்போது தாரணி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "மாமா, தாழ்ப்பாள் ரெண்டும் ஒங்க ஸ்க்ரூ டிரைவர் டப்பாவுல இருக்கு. துருவெல்லாம் ஒண்ணும் இல்ல, நான் பாத்தேன். மாட்டிருங்க."

மாட்டிவிட்டேன். கட்டிலையும் பழைய இடத்துக்கு நகர்த்தினேன். எறும்புகள் வருத்தத்தோடு வெளியேறின.

ஆணையிட்டபடி நம்ப முடியாத கதையைச் சொல்லி முடித்தாயிற்று. சரக்கு ரயில் நிற்கவில்லை. விமானம் வழி தவறவில்லை. இளவரசி ஒருத்திகூட வரவில்லை. குருவி, பாசி, பதினேழு வருஷம் எல்லாம் புளுகு. தாரணிக்கு எழுதிக் காட்டிய அந்த ஒரு சொல்லும் புளுகு.

சிமெண்டு பெஞ்சு நிஜம். ஒரு ராத்திரி, ஒரு பகல். மைக்கில் யார் யாரையோ கூப்பிட்டார்கள். ஒருமுறை 'சொர்ணம், எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்' என்றார்கள். ஓடினேன். அங்கே ஓர் அம்மாள் ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தார், அவர் பெயரும் சொர்ணம். அவரைக் கட்டிக்கொண்டு அழ நாலு பேர் வந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, நானாகவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.